உருளைக்கும் உலைக்கும் இடையே

குளிர் நாடுகளில் பட்டறை வெப்பமூட்டி என்று சொன்னால், வேலை செய்பவரின் கைவிரல்கள் விறைத்துப் போகாமல் இருப்பதற்காகக் கூடத்தின் சுவரிலோ கூரையடியிலோ பொருத்தப்பட்டு, எரிவாயுவை எரித்து அறை முழுவதையும் சூடாக்கும் கருவி என்று பொருள்படும். கோடையில் வெயில் நாற்பது பாகை செல்சியசை எட்டிப் பார்க்கும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அத்தகைய கருவிக்கு வேலை இல்லை. இங்குள்ள பட்டறைகளில் சூடேற வேண்டியது ஆள் அன்று, இரும்பு. லாரியின் கமான் பட்டையை வளைப்பதற்கும், விபத்தில் நெளிந்த சட்டத்தை நிமிர்த்துவதற்கும், அச்சில் இறுகிய பேரிங்கைக் கழற்றுவதற்கும், கரும்பு வெட்டும் அரிவாளைக் காய்ச்சி அடிப்பதற்கும் நெருப்பு வேண்டியிருக்கிறது. அறையைச் சூடாக்கும் எரிவாயுக் கருவியை நேராகக் காண வேண்டுமானால் கோழிப் பண்ணைக்குத்தான் செல்ல வேண்டும். பிறந்த முதல் வாரத்தில் 33 முதல் 35 பாகை வரை வெப்பம் தேவைப்படும் குஞ்சுகளுக்காக மார்கழி இரவுகளில் அங்கே தொங்கவிடப்படும் ‘புரூடர்’, மேலை நாட்டுப் பட்டறை வெப்பமூட்டியின் உடன்பிறப்பே. சூடேறுவது குஞ்சானாலும் கமான் பட்டையானாலும், எரிபொருள் உருளையிலிருந்து புறப்பட்டு எரிமுனைக்கு வந்து சேரும் வழியும், அந்த வழியில் நேரக்கூடிய பிழைகளும் பெரும்பாலும் ஒன்றேயாகும்.

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் அடுத்தடுத்துத் தொட்டுச் செல்கிறது. திண்டிவனத்தில் ஒரு சாலை புதுச்சேரிக்கும், மற்றொன்று செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்கும் பிரிகின்றன. விழுப்புரமோ பல திசை இருப்புப்பாதைகள் கூடும் சந்திப்பாகவும், அரசுப் போக்குவரத்துக் கழகங்களுள் ஒன்றின் தலைமையிடமாகவும் இருக்கிறது. வண்டிகள் மிகுந்து ஓடும் ஊர்களில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகளும் மிகும் என்பதில் வியப்பில்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை இத்தகைய பட்டறைகளின் நெருப்பு என்பது கரி உலையும் அதற்குக் காற்றூட்டும் துருத்தியும்தான். கரி உலையில் எரிபொருள் இருக்கும் இடமும் தீ இருக்கும் இடமும் ஒன்றே. ஆகையால் ஒன்றை மற்றொன்றுடன் இணைப்பது என்ற வேலையே கொல்லருக்கு இருந்ததில்லை. பற்ற வைத்தவுடன் எரிவதும், திருகை மூடியவுடன் அணைவதும், சாம்பலும் புகையும் இல்லாததுமாகிய வசதிகளோடு எரிவாயு வந்தபோது, எரிபொருள் ஓரிடத்திலும் தீ வேறோரிடத்திலுமாகப் பிரிந்து, இரண்டுக்கும் நடுவே சில அடி நீளமுள்ள குழாயும், நாலைந்து மரைகளும், இரண்டு கிளிப்புகளும், ஒரு வாஷரும் புதிதாக முளைத்தன. எரிவாயுப் பாதுகாப்பு பற்றிய பேச்சில் உருளையே எப்போதும் முன்னால் வந்து நிற்கிறது என்றாலும், பெரும்பாலான கசிவுகளின் பிறப்பிடம் இந்த இடைப்பட்ட சில அடிகள்தாம்.

அவ்விடத்துக்கு உரிமையாளர் இல்லை என்பதும் கருதத்தக்கது. உருளை எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. அதை நிரப்புவதும் சோதிப்பதும் நிறுவனத்தின் கடமை. எரிமுனை பட்டறைக்காரருடையது, அதில் பழுது வந்தால் வேலை நின்றுவிடும் என்பதால் அவரே அதைக் கவனித்துக்கொள்கிறார். இடையிலுள்ள குழாயோ இரும்புக் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கப்பட்டு, கையில் கிடைத்த கிளிப்பால் இறுக்கப்பட்டு, எரிகிறவரை ஒருவராலும் நினைக்கப்படாமல் கிடக்கிறது.

இந்த மறதியின் விலையை உலகம் குறைந்தது இருமுறை பெரிய அளவில் செலுத்தியிருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளியில் அறைதோறும் எரிவாயு வெப்பமூட்டிகள் பொருத்தப்பட்டிருந்தன. செலவைக் குறைக்கக் கருதிய நிர்வாகம், முறையான எரிவாயு வழங்கலை நிறுத்திவிட்டு, அருகில் சென்ற எண்ணெய்த் தொழிலின் எச்ச வாயுக் குழாயிலிருந்து கிளை எடுத்துக்கொண்டது. அந்த இணைப்பில் கசிந்த மணமற்ற வாயு கட்டடத்தின் அடிவெளியில் தேங்கிக் கிடந்தது. 1937 மார்ச் 18 அன்று பிற்பகல், பள்ளியின் கைத்தொழில் பட்டறையில் மின் தேய்ப்புப் பொறி ஒன்றை இயக்கியபோது எழுந்த தீப்பொறியில் அது வெடித்ததாகக் கருதப்படுகிறது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிள்ளைகள். எரிவாயுவில் துர்நாற்றம் கலந்தே வழங்க வேண்டும் என்ற சட்டம் அங்கே பிறந்தது அதன் பின்னரே. இரண்டாவது நிகழ்வு 1968 மே 16 அன்று கிழக்கு லண்டனில் உள்ள ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில் நடந்தது. பதினெட்டாம் மாடியில் விடியற்காலையில் தேநீருக்காகத் தீக்குச்சி உரசப்பட்டவுடன் கசிந்திருந்த வாயு வெடித்து, அக்கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் அடுக்கடுக்காகச் சரிந்து நால்வர் இறந்தனர். விசாரணை இறுதியில் சென்று நின்ற இடம், அடுப்பை எரிவாயுக் குழாயுடன் இணைத்த, தரம் குறைந்த ஒரு பித்தளை நட்டு. அந்த அடுப்பும் குழாயும் குற்றமற்றவை. இரண்டையும் சேர்த்த உள்ளங்கை அளவுப் பொருளே கட்டடத்தைச் சாய்த்தது.

இணைப்பைப் புரிந்துகொள்ள அதனூடே செல்லும் பொருளின் இயல்பை அறிவது நலம். எல்.பி.ஜி. என்று வழங்கும் நீர்ம பெட்ரோலிய வாயு, புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு எரிவாயுக்களின் கலவை. சாதாரண வெப்பநிலையில் வாயுவாக இருக்கும் இவை, அழுத்தத்துக்கு உட்படும்போது நீர்மமாகி, ஏறத்தாழ 250இல் ஒரு பங்கு இடத்துக்குள் ஒடுங்கிக்கொள்கின்றன. எனவே உருளையிலிருந்து கசிவது நீர்மமானால், வாயு கசிவதைவிடப் பன்மடங்கு ஆபத்து என்பது சொல்லாமலே விளங்கும். உருளையை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும் என்ற விதி இதிலிருந்தே வருகிறது. வாயு தீர்ந்துபோகும் நேரத்தில் உருளையைப் படுக்கவைத்து உருட்டிக் கடைசிச் சொட்டு வரை எரிக்கும் பழக்கம், நீர்மத்தை நேரே ரெகுலேட்டருக்குள் அனுப்பி, எரிமுனையில் ஆளுயரத் தீயை எழுப்பிவிடக் கூடியது. காற்றில் இவ்வாயுவின் அளவு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு முதல் ஒன்பதரைப் பங்கு வரை இருக்கும்போது அக்கலவை தீப்பிடிக்கும். ஒரு கிலோ நீர்மம் கசிந்தால் ஏறக்குறைய 0.45 கன மீட்டர் வாயு கிடைக்கும்; அது சீராகக் கலந்தால், பத்தடிக்குப் பத்தடி என்ற அளவுள்ள ஒரு சாதாரண அறையின் காற்று முழுவதையும் தீப்பற்றும் நிலைக்கு நெருங்கக் கொண்டுவரப் போதுமானது. 19 கிலோ கொண்ட வணிக உருளையில் அத்தகைய அறைகள் எத்தனை அடங்கியிருக்கின்றன என்று கணக்கிடுவது கடினமன்று.

இவ்வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தவுடன் புகையைப் போல மேலே எழாமல், நீரைப் போலத் தரையில் பரவித் தாழ்ந்த இடம் தேடிச் செல்கிறது. நெடுஞ்சாலையோர லாரிப் பட்டறைகளைப் பொறுத்தவரை இந்தப் பண்புக்குத் தனி முக்கியத்துவம் உண்டு; ஏனெனில், வண்டியின் அடிப்பகுதியைப் பார்ப்பதற்காக ஆள் இறங்கி நிற்கும் பள்ளம் பல பட்டறைகளின் நடுவிலேயே இருக்கிறது. உருளையை அப்பள்ளத்தின் அருகில் வைப்பது, கசியும் வாயுவுக்குக் குளம் வெட்டி வைப்பதற்குச் சமம். சாக்கடை வாய், கேபிள் செல்லும் கால்வாய், தரைக்குக் கீழுள்ள தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். உயரத்தில் சன்னல் இருக்கிறது என்ற ஆறுதலும் இங்கே பயன்படாது. சுவரின் அடியில், தரையை ஒட்டித் திறப்பு இருந்தால்தான் இந்தக் கனமான வாயு வெளியேறும். இயற்கையில் மணமற்ற இதில் எத்தில் மெர்காப்டன் என்னும் கடும் நாற்றமுடைய பொருள் சேர்க்கப்படுவதால், தீப்பற்றும் அளவை எட்டுவதற்கு வெகு முன்பே மூக்கு கண்டுகொள்ளும். எனினும் பெயின்ட்டும் தின்னரும் டீசலும் மணக்கும் பட்டறையில் நாள் முழுவதும் நின்றவரின் மூக்கை மட்டும் நம்பியிருக்க முடியாது. தொடர்ந்து முகரும் மணத்துக்கு மூக்கு பழகி மரத்துப் போவதும் உண்டு.

இனி உருளையிலிருந்து தொடங்கலாம். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிவப்பு உருளையைப் பட்டறையில் பயன்படுத்துவதை, எரிவாயு வழங்கலை நெறிப்படுத்தும் 2000ஆம் ஆண்டு ஆணை தடை செய்கிறது; விலை வேறுபாட்டைக் கருதியே இத்தடை என்று பலர் எண்ணுகின்றனர், அதில் உண்மையும் உண்டு. ஆனால் வீட்டு உருளையோடு வரும் ரெகுலேட்டர், இரண்டு அடுப்புகளுக்குத் தேவையான சிறு ஓட்டத்துக்காகச் செய்யப்பட்டது என்பதால், அவ்வுருளையைப் பட்டறை எரிமுனைக்குப் பயன்படுத்த முனைபவர் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு வேறு ஏதேனும் ஒன்றைச் செருகும்படி நேர்கிறது. தவறான இணைப்புகளின் வரிசை அங்கேதான் தொடங்குகிறது. உருளையைப் பெற்றுக்கொள்ளும்போது அதன் கழுத்து வளையத்தைத் தாங்கும் தகடுகளின் உட்புறத்தில் ஏ, பி, சி, டி என்ற ஓர் எழுத்தும் இரண்டு இலக்கங்களும் எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். ‘ஏ’ என்பது ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டையும், ‘டி’ என்பது ஆண்டின் கடைசிக் காலாண்டையும் குறிக்கும். இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். அந்தக் காலாண்டுக்குள் அவ்வுருளை அடுத்த சோதனைக்குச் சென்றாக வேண்டும் என்பதே பொருள். நாள் கடந்த உருளையைத் திருப்பி அனுப்ப வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. வால்வின் வாய்க்குள் இருக்கும் ரப்பர் வளையம் இல்லாமலோ கிழிந்தோ இருந்தால், மேலே எவ்வளவு நல்ல ரெகுலேட்டரைப் பொருத்தினாலும் கசிவு நிற்காது. புது உருளையின் மூடியைத் திறந்தவுடன் விரலை வைக்காமல் கண்ணால் அந்த வளையத்தைப் பார்த்துக்கொள்வது அரை நிமிட வேலை.

உருளைக்குள் வாயுவின் அழுத்தம் வெயிலைப் பொறுத்து மாறும். வெப்பமான நாளில் அது காற்று மண்டல அழுத்தத்தைப் போல ஐந்தாறு மடங்கையோ அதற்கு மேலோ எட்டலாம். வீட்டு அடுப்புக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 30 மில்லிபார், அதாவது காற்று மண்டல அழுத்தத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு மட்டுமே. நூறு மடங்குக்கும் மேற்பட்ட இந்த இறக்கத்தை ஓசையின்றிச் செய்து முடிப்பது ரெகுலேட்டர். அதன் உள்ளே ஒரு ரப்பர்ப் படலமும் சுருள்வில்லும் ஒன்றையொன்று எதிர்த்து நின்று, வெளியேறும் அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்துகின்றன. பட்டறை எரிமுனைகளுள் சில குறைந்த அழுத்தத்தில் இயங்குபவை. இரும்பைக் காய்ச்சும் பெரிய எரிமுனைகள் பெரும்பாலும் உயர் அழுத்தத்தில் இயங்குபவை. இரண்டுக்கும் ரெகுலேட்டர் வேறு, குழாய் வேறு, எரிமுனையின் ஜெட் துளையும் வேறு. விழுப்புரம் போன்ற ஊர்களில் பரவலாகக் கிடைக்கும் உயர் அழுத்த அடாப்டர் பலவும் வெறும் திருகு வால்வு மட்டுமே உடையவை என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். திருகைச் சிறிது திறந்தால் குறைவாகவும், மிகத் திறந்தால் மிகுதியாகவும் வாயு வரும் என்றாலும், ஓட்டத்தைக் குறைப்பதும் அழுத்தத்தைக் குறைப்பதும் ஒன்றல்ல. எரிமுனையின் வால்வை மூடியவுடன், ஓட்டம் நின்றுபோன அந்தக் குழாய்க்குள் உருளையின் முழு அழுத்தமும் வந்து நிறைந்துவிடும். வீட்டு அடுப்புக்கான குழாயை அங்கே மாட்டியிருந்தால், அது தாங்கக்கூடிய அளவைப் பன்மடங்கு மீறிய சுமையை இரவு முழுவதும் தாங்கி நிற்க வேண்டியிருக்கும். அடாப்டருக்கு அடுத்து, அழுத்தமானியோடு கூடிய முறையான உயர் அழுத்த ரெகுலேட்டர் ஒன்றைச் சேர்ப்பது செலவு மிகாத, ஆனால் பெரும்பாலான பட்டறைகளில் காணக் கிடைக்காத திருத்தம்.

ஓஸ் என்று பட்டறையில் வழங்கும் ரப்பர்க் குழாயின் மேல் ஐ.எஸ். 9573 என்ற இந்தியத் தர எண்ணும் செய்யப்பட்ட ஆண்டும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். வீடுகளில் ஆரஞ்சு நிறத்தில் காணப்படும், உள்ளே எஃகுக் கம்பி பின்னிய குழாய்க்கு ஐந்து ஆண்டு ஆயுள் சொல்லப்படுகிறது. தீப்பொறியும் எண்ணெயும் படும் பட்டறையில் அதை அவ்வளவு காலம் விட்டுவைப்பது அறிவுடைமை ஆகாது. தண்ணீருக்கும் காற்றுக்கும் உரிய ஓஸ்கள் விலை மலிவாக இருப்பினும், எரிவாயுவின் நீர்மக் கூறுகள் அவற்றின் ரப்பரைக் கரைத்து ஊதவைத்துப் பின்னர் வெடிக்கச் செய்யும். ரப்பர் ஓஸ் எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதால், உருளையைப் பட்டறைக்கு வெளியே, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைத்து, சுவரை ஒட்டி இரும்பு அல்லது செம்புக் குழாயால் வாயுவைக் கொண்டுவந்து, எரிமுனைக்கு அருகில் ஒரு பால் வால்வில் முடித்து, அதற்குப் பின் ஒரு மீட்டர் அளவுக்கு மட்டும் ஓஸ் இடுவது சிறந்த அமைப்பு. கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது என்று தொலைவிலிருந்தே காட்டும் அந்தக் கால் சுற்று வால்வு, பத்துச் சுற்றுச் சுற்றினால்தான் மூடும் திருகைவிட அவசர நேரத்தில் ஆளைக் காக்கும்.

ஓஸின் இரு முனைகளும் பட்டறையின் கவனம் மிக வேண்டிய இடங்கள். ஓஸ் மாட்டப்படும் குழல்முனையான நிப்பிளின் மேல் அது சூடாக்காமலே இறுக்கமாக ஏற வேண்டும். எளிதாக வழுக்கிக்கொண்டு ஏறினால் அளவு தவறு என்று பொருள். ஏறவில்லை என்பதற்காகத் தீயில் காட்டி இளக்கி மாட்டுவதும், தளர்வாக இருக்கிறது என்பதற்காகக் கட்டுக் கம்பியால் முறுக்குவதும் கைப்பழக்கத்தால் வந்தவை. கம்பி ரப்பரை ஒரே கோட்டில் அறுக்க, அறுபட்ட கோடே பின்னர் கசியும் வாயாகிறது. திருகு வைத்த உலோக கிளிப்பே இதற்குரியது. இரும்புக் குழாய் மரைகளைப் பொறுத்தவரை, கூம்பாக ஒடுங்கும் மரையில் எரிவாயுவுக்குரிய டெஃப்லான் டேப்பை முனையிலிருந்து ஓர் இழை விட்டுச் சுற்ற வேண்டும். முனை வரை சுற்றினால் கிழிந்த நூலிழை உள்ளே சென்று, ஊசித் துளை அளவேயுள்ள ஜெட்டை அடைத்துவிடும். உருளையோடும் ரெகுலேட்டரோடும் சேரும் கூம்பு முகமுள்ள நட்டுகளில் டேப்பே கூடாது. உலோகமும் உலோகமும் முகத்தோடு முகம் பொருந்தியே அங்கே வாயுவை அடைக்கின்றன. டேப்பைச் சுற்றுபவர் மரையில் அடைப்பை உண்டாக்குவதாக எண்ணிக்கொண்டு, முகங்கள் பொருந்துவதைத் தடுத்துவிடுகிறார். எரிவாயு நட்டுகள் இடமரை உடையவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வழக்கமான நட்டுகளுக்கு எதிராக, கடிகார முள் சுற்றும் திசைக்கு மாறாகத் திருப்பினால்தான் இறுகும். ஆக்சிஜன் போன்ற எரியாத வாயுக்களின் இணைப்பில் எரிவாயுக் குழாய் தவறிக்கூடச் சேர்ந்துவிடாதபடி செய்த ஏற்பாடு இது. அடையாளத்துக்காக நட்டின் விளிம்புகளில் சிறு வெட்டு இருக்கும். இறுகவில்லை என்று நினைத்து வலப்பக்கமாக ஸ்பேனரைப் போட்டு இழுக்கும் புதிய பையன் உண்மையில் இணைப்பைத் தளர்த்திக்கொண்டிருப்பான்.

இணைத்து முடித்தபின் சோதனை. சோப்புக் கரைசலை நன்றாக நுரைக்கக் கலக்கித் தூரிகையால் ஒவ்வொரு மூட்டிலும் தடவி, எரிமுனையின் வால்வை மூடி உருளையைத் திறந்து பார்த்தால், கசியும் இடத்தில் குமிழ்கள் வளரும். இரவல் தீப்பெட்டியால் சோதிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அழுத்தமானி உள்ள அமைப்பில் இன்னொரு சோதனையும் கைகூடும்: உருளையைத் திறந்து முள் ஏறியதும் உருளையை மூடிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து பார்த்தால், முள் இறங்கினால் எங்கோ கசிகிறது என்பது உறுதி. சோப்பு நுரை கசியும் இடத்தைக் காட்டும்; முள் கசிவு இருப்பதையே காட்டும். இரண்டும் வேண்டும். உருளை மாற்றும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டிய வேலை இது என்றாலும், புதிதாகப் பொருத்தும் நாளோடு பெரும்பாலோர் இதை மறந்துவிடுகின்றனர்.

எரிமுனை அணைந்துபோய் வாயு மட்டும் வந்துகொண்டிருப்பது மற்றொரு பேராபத்து. குளிர் நாட்டு வெப்பமூட்டிகளில் இதைத் தடுக்க வெப்ப இரட்டை என்னும் சிறு கருவி கட்டாயமாக இருக்கும். இரு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளை ஒட்டித் தீயில் வைத்தால் அவற்றில் சில மில்லிவோல்ட் மின்னழுத்தம் பிறக்கும். அந்தச் சிறு மின்சாரமே ஒரு மின்காந்தத்தைப் பிடித்து வால்வைத் திறந்து வைத்திருக்கும். தீ அணைந்து கம்பி ஆறினால் மின்சாரம் நிற்க, வால்வு தானே மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் வேண்டாத இந்த எளிய அமைப்பு, ஆள் உறங்கும் நேரத்திலும் எரியும் கோழிப் பண்ணை புரூடரில் இல்லாமல் இருக்கக் கூடாது. எதிரே ஆள் நிற்கும் உலையில் கண்ணே காவல் என்று விட்டுவிடுவது இங்குள்ள வழக்கம். தேநீர் குடிக்கப் போகும் ஐந்து நிமிடங்களை அந்த வழக்கம் கணக்கில் சேர்ப்பதில்லை.

எரிவதற்கு வேண்டிய காற்றையும் மறத்தலாகாது. ஒரு பங்கு வாயு முழுமையாக எரிவதற்கு 24 முதல் 31 பங்கு வரை காற்று தேவை. ஒரு கிலோ எரிவாயு ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்றை உண்டுவிடும். மழைக்காகத் தார்ப்பாய் இட்டு மூடிய கொட்டகையில் காற்று போதாமல் தீ மஞ்சளாகிப் புகைவிடத் தொடங்கினால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நீலத் தீ திடீரென மஞ்சளாவதற்குக் காற்றுத் துளையில் குளவி கட்டிய மண் கூடு காரணமாக இருப்பதும் உண்டு.

பெரிய எரிமுனையை இயக்கும் பட்டறையில் காலை வேலை தொடங்கிய சிறிது நேரத்தில் தீ தளர்வதும், உருளையின் வெளிப்புறம் வியர்த்து, சில வேளை வெண்பனி படர்வதும் காணலாம். நீர்மம் வாயுவாக மாறுவதற்கு வெப்பம் வேண்டும்; அதை அது தன்னிடமிருந்தும் உருளையின் சுவரிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். ஒற்றை உருளை தொடர்ந்து தரக்கூடியது, அதில் எஞ்சியுள்ள அளவையும் வெளி வெப்பத்தையும் பொறுத்து, மணிக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ அளவே. அதற்கு மேல் உறிஞ்சினால் உருளை குளிர்ந்து அழுத்தம் விழும். அந்நேரத்தில் உருளையை வெந்நீர்த் தொட்டியில் வைப்பதும், அடியில் தீ மூட்டுவதும் உயிரோடு விளையாடுவது. இரண்டு மூன்று உருளைகளை மானிஃபோல்ட் என்னும் பொதுக் குழாயில் சேர்த்து, ஒவ்வொன்றின் வாயிலும் வாயு பின்னோக்கிச் செல்லாதபடி தடுக்கும் வால்வு ஒன்றை வைப்பதே முறை. அவ்வால்வு இல்லையெனில், வெயிலில் நிற்கும் உருளையின் வாயு நிழலிலுள்ள உருளைக்குள் ஓடி அதை அளவுக்கு மீறி நிரப்பிவிடும். எண்ணிக்கையைக் கூட்டும்போது சட்டமும் குறுக்கிடுகிறது. 2016ஆம் ஆண்டு எரிவாயு உருளை விதிகளின்படி, 100 கிலோ வரையிலான எரிவாயுவை உருளைகளில் வைத்துக்கொள்ள உரிமம் தேவையில்லை. 19 கிலோ உருளைகள் ஐந்து சேர்ந்தால் 95 கிலோ. ஆறாவது வந்து சேர்ந்தவுடன், நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும். சரக்குக்குத் தட்டுப்பாடு வரும் என்று அஞ்சி மூலையில் உருளைகளைச் சேர்த்து வைக்கும் பட்டறைகள் இக்கோட்டை அறியாமலே தாண்டிவிடுகின்றன.

இரும்பை வெட்டும் கேஸ் கட்டரில் எரிவாயுவோடு ஆக்சிஜனும் சேர்வதால் சிக்கல் இரட்டிக்கிறது. எரிவாயு தீரும் தறுவாயில் அதன் அழுத்தம் விழ, உயர்ந்த அழுத்தமுள்ள ஆக்சிஜன் கட்டரின் வழியே எரிவாயு ஓஸுக்குள் புகுந்துவிடும். அப்போது கட்டரைப் பற்ற வைத்தால் தீ முன்னோக்கி வராமல் ஓஸுக்குள்ளேயே பின்னோக்கி ஓடும். இதைத் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டரை இரு ஓஸ்களிலும் ரெகுலேட்டரின் பக்கத்தில் இடுவது, கட்டர் வாங்கும்போதே செய்ய வேண்டிய செலவு. ஆக்சிஜன் மரைகளில் கிரீஸ் தடவினால் எளிதில் திரும்பும் என்று எண்ணுவது, லாரிப் பட்டறையில் இயல்பாகவே தோன்றக்கூடிய நினைப்பு. அழுத்தமுள்ள ஆக்சிஜனும் எண்ணெயும் சந்தித்தால் தீப்பொறியே இல்லாமல் பற்றிக்கொள்ளும்.

கசிவின் மணம் எழும்போது மின்சுவிட்சைப் போடுவதும் கூடாது, அணைப்பதும் கூடாது. இரண்டு செயலிலும் தீப்பொறி உண்டு. உருளையின் வால்வை மூடி, கதவுகளைத் திறந்து, ஆட்களை வெளியேற்றி, வெளியே வந்த பிறகே கைபேசியில் எரிவாயு அவசர உதவி எண்ணான 1906ஐ அழைக்க வேண்டும். நாள் முடிவில் எரிமுனையை மூடிவிட்டு வீட்டுக்குப் போவது போதாது. தீ எரிந்துகொண்டிருக்கும்போதே முதலில் உருளையை மூடி, ஓஸில் தங்கிய வாயு எரிந்து தீ தானாக அணைந்த பின் எரிமுனையை மூடினால், இரவில் இணைப்பு முழுவதும் வெறுமையாக இருக்கும். எலி கடித்தாலும் அப்போது கசிவதற்கு ஒன்றுமில்லை.

இவ்வூர்களுக்கே உரிய இன்னொரு கவலை வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. விழுப்புரத்தின் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கின. நிறைந்த எரிவாயு உருளையும் நீரில் மிதக்கும் என்பது பலருக்குத் தெரியாது. வீட்டு உருளையைக் கணக்கிட்டாலே விளங்கும்: காலி உருளையும் வாயுவும் சேர்ந்து 30 கிலோ அளவே எடையிருக்க, அது விலக்கும் நீர் 33 லிட்டருக்கும் மேல். கட்டப்படாத உருளை வெள்ளத்தில் எழுந்து புரளும்போது, அதை எரிமுனையோடு பிணைத்திருக்கும் ஓஸே அதற்கு நங்கூரமாகி, கடைசியில் நிப்பிளோடு பிய்ந்து வரும். சுவரில் அடித்த கொக்கியில் சங்கிலி கோத்து உருளையின் இடையைக் கட்டுவதும், மழை எச்சரிக்கை வந்த அன்றே ரெகுலேட்டரைக் கழற்றி வால்வின் பாதுகாப்பு மூடியை இடுவதும் கடலோர மாவட்டப் பட்டறையின் வழக்கமாக வேண்டும். நீர் வடிந்த பின் துடைத்துக் காயவைத்த ரெகுலேட்டர் பார்வைக்குப் பழுதில்லாதது போலவே தோன்றும். ஆனால் படலம் ஏறி இறங்குவதற்குக் காற்று வாங்கும் அதன் சிறு துளைக்குள் வண்டல் புகுந்திருந்தால், அது அழுத்தத்தைக் குறைக்கும் வேலையைச் சரிவரச் செய்யாது. நீரில் மூழ்கிய ரெகுலேட்டரையும் ஓஸையும் மீண்டும் மாட்டாமல் புதியவற்றை வாங்கி, சோப்பு நுரையில் தொடங்கி எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்த பிறகே உலையைப் பற்ற வைக்க வேண்டும்.